டூபாவுக்குப் பதில் சொன்னவள்

சர்க்கரை ஆலையில் ஐம்பத்திரண்டு வருஷம் கரும்பு நசுக்கும் இயந்திரங்களுக்கு நடுவே நின்று வேலை பார்த்த லூசியன் கிதரி, ஓய்வு பெற்ற மறுவாரமே டூபா என்ற ராட்சதப் பித்தளை ஊதுவாத்தியம் ஒன்றைப் பழையதாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காதுகளில் முக்கால்வாசியை ஆலை எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருந்த கால்வாசியைச் சங்கீதத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார்.

ஆசை புதிதல்ல. எட்டாம் வகுப்பில் பள்ளி பேண்டில் டூபா அவர் மடியில்தான் இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு அவர் போகவில்லை, ஆலைக்குப் போய்விட்டார். இப்போது மாதா கோயில் பேண்டில் டூபா வாசித்தவர் மகளோடு ஹூஸ்டனுக்குக் குடிபோய்விட்டதால், அக்டோபர் திருவிழாவுக்கு ஓர் ஆள் குறைந்தது. பேண்டை நடத்துகிறவர் ஹார்லன் ஷரமி. லூசியனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர், மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர். அந்த இடத்தைக் கேட்டு வந்து நின்ற லூசியனிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல ஹார்லனுக்கு வாய் வரவில்லை.

"நல்லாப் பழகு. செப்டம்பர்ல பார்த்துக்கலாம்," என்றார்.

பழகினார் லூசியன். முதல் நாள் கூடத்தில் வாசித்தார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்து ஒரு பீங்கான் தட்டு கீழே விழுந்தது. மனைவி ஏர்லின் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"இது எங்கம்மா குடுத்த தட்டு லூசியன். இன்னும் ஏழு மிச்சம் இருக்கு. நீயா வெளிய போறியா, நான் போகட்டுமா?"

ஆகவே டூபா, கொல்லையில் ஓடைக் கரையோரம் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனது. அங்கே வலைகளும் மீன் கூடைகளும் ஓட்டைப் படகு ஒன்றும் கிடந்தன. காலை எட்டு மணிக்கு ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, வயிறு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்து, தனக்கு நன்றாக வரும் ஒரே ஸ்வரத்தை அவர் பிடிப்பார். மிகவும் கீழே கிடக்கும் ஸ்வரம் அது. காதுக்கு எட்டாவிட்டாலும் விலா எலும்புக்கு எட்டும். அதனால்தான் அவருக்கு அது பிடித்திருந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் ஸ்வரம் மட்டும் நிற்கவில்லை.

வாயை எடுத்துவிட்டு டூபாவைப் பார்த்தார். அது சும்மா இருந்தது. ஆனால் விலா அதிர்ந்துகொண்டிருந்தது. எழுந்து வாசலுக்கு வந்தார். முப்பதடி தள்ளி, பச்சைப் பாசி மூடிய தண்ணீரில் ஒரு முதலை கிடந்தது. தலையை வானத்துக்குத் தூக்கி, வாலையும் தூக்கி, நடுவுடம்பைத் தண்ணீரில் அமுக்கி, தொண்டையை உப்பவைத்து உறுமியது. முடித்துவிட்டு, அகன்ற மழுங்கல் மூக்கை மெதுவாக இறக்கித் தண்ணீர் மட்டத்தில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. கரிய முதுகில் வரிசை வரிசையாய் முண்டுகள். மூடிய வாயின் ஓரத்தில் மேல்வரிசைப் பற்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

லூசியன் உள்ளே போய் இன்னொரு தடவை ஊதினார். அது இன்னொரு தடவை பதில் சொன்னது.

காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்த்து ஏர்லினுக்கே சந்தேகம் வந்தது. "என்ன, கல்யாண நாள் மாதிரி சிரிக்கிறே?"

"ஏர்லின், நான் வாசிச்சதுக்கு ஒருத்தர் பதில் வாசிச்சார்."

விஷயத்தைக் கேட்டதும் அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "பதில் சொல்லியிருக்காது. திட்டியிருக்கும்."

முதலை அந்த ஊருக்குப் புதிதல்ல. குளிர்காலம் முழுக்கக் கரையோரப் பொந்தில் முடங்கிக் கிடந்துவிட்டு, வெயில் ஏறியதும் வெளியே வந்து கட்டை மாதிரி காயும். கொக்குகள் அதைப் பார்த்து நடக்கும், நாய்களை வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு ஆஜராகி, ஒரு மனிதனோடு மாறி மாறி உறுமும் முதலையை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு ஓலீட்டா கணவனை இழந்தவர், ஆனாலும் ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் மிஸ் ஓலீட்டாதான். காலை ஒன்பது வரை தூங்கும் உரிமையை அறுபது வயதுக்கு மேல்தான் சம்பாதித்திருந்தார். அவர் வனவிலங்குத் துறைக்குப் போன் செய்து புகார் கொடுத்தார். ஓடையில் ஆபத்தான முதலை இருக்கிறது என்று சொன்னார். டூபாவைப் பற்றியும் சொல்லிப் பார்த்தார். அது தங்கள் துறையில் வராது என்று சொல்லிவிட்டார்களாம்.

ஹார்லன் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவுல எத்தனை அங்குலமோ, அத்தனை அடி நீளம். இவன் பதினோரு அடி இருப்பான்டா. சரியான கிடா. உன்னை இன்னொரு கிடான்னு நினைச்சுட்டு இடத்துக்குச் சண்டைக்கு வந்திருக்கான்."

லூசியன் வாழ்க்கையில் அவரோடு யாரும் போட்டிக்கு வந்ததில்லை. அந்த மே மாதம் முழுக்க முடிதிருத்தகத்திலும், பெட்ரோல் பங்கிலும், பூசை முடிந்து கோயில் வாசலிலும் அவர் எதிரியைப் பற்றித்தான் பேசினார். எதிரியின் நீளம் வாரத்துக்கு அரையடி வளர்ந்தது.

ஜூன் பிறந்ததும் எதிரி பேச்சை நிறுத்தினான். லூசியன் ஊதி ஊதிப் பார்த்தார், பாசி அசையவில்லை. தோற்று ஓடிவிட்டான் என்று ஊருக்குச் சொன்னார். உள்ளுக்குள் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது.

ஜூன் கடைசியில் ஒரு காலை கொட்டகைக்குப் போனவர் பாதியில் நின்றார். கதவுக்குப் பத்தடி தள்ளி, நேற்று இல்லாத ஒரு குவியல். நாணல், கோரை, சேறு, அழுகிய இலை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு இடுப்புயரத்துக்கு மேடு கட்டியிருந்தது. அதன் பின்னாலிருந்து, லாரி டயரில் காற்றுப் போவதுபோல் ஒரு சீறல். சத்தம் அவர் காதில் விழவில்லை. திறந்த வாய் கண்ணில் விழுந்தது. அறுபத்தாறு வயதுக்கு அவர் நன்றாகவே ஓடினார்.

மிஸ் ஓலீட்டாவின் ஏப்ரல் மாதப் புகாருக்கு அதே வாரத்தில்தான் ஆள் வந்தது. ரெனே வெர்தின் என்ற அதிகாரி. முப்பது வயது இருக்கும். ஓடைக்குப் பின்னால் விரிந்த சதுப்பிலேயே தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த குடும்பம். அவள் தூரத்தில் நின்றே மேட்டைப் பார்த்தாள், முதலையைப் பார்த்தாள், கூடியிருந்தவர்களைப் பார்த்தாள்.

"எட்டடி," என்றாள்.

"பதினோரு அடி," என்றார் ஹார்லன்.

"அங்கிள், நீங்க பயத்துல அளந்திருக்கீங்க." பிறகு லூசியனிடம் காதருகே குனிந்து கேட்டாள். "இது உறுமறப்போ முதுகு மேல தண்ணி துளித்துளியா எகிறிக் குதிச்சுதா?"

லூசியன் யோசித்தார். "இல்லையே."

"ஆம்பளை உறுமினா, சத்தம் வர்றதுக்கு முன்னாடியே தண்ணி குதிக்கும். இது பொம்பளை. முட்டை போட்டிருக்கா. நாப்பது இருக்கலாம்."

மிஸ் ஓலீட்டாதான் முதலில் சிரித்தார். "அப்போ மே மாசம் பூரா தினம் காலையில இவர் சண்டை போடலையா!"

"ஏர்லின், நீ கேட்டுக்கிட்டியா?" என்றார் ஹார்லன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உனக்கு ஒரு நாளாவது இப்படி வாசிச்சிருக்கானா?"

"எனக்கு வாசிச்சப்போ ஒரு தட்டு உடைஞ்சுது," என்றாள் ஏர்லின். "அவளுக்கு நாப்பது முட்டை. குடுத்து வச்சவ."

லூசியன் காது வரை சிவந்துபோனார். ஆனாலும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளாமல் விடுவதற்கில்லை. "அதுங்களுக்கு அப்பா...?"

"பின்னாடி சதுப்புல பெரிய ஆள் எவனாவது இருப்பான்," என்றாள் ரெனே, ஆறுதலாக. "நீங்க கவலைப்படாதீங்க."

அதற்குப் பின் அவள் வேலையைப் பேசினாள். முட்டை பொரிய ஒன்பது வாரம் ஆகும். அதுவரை தாய் மேட்டைவிட்டு அகலாது. கிட்டே போனால் பாயும். கொட்டகைக்கு யாரும் போகக் கூடாது. ஆபத்து என்று எழுதிக் கொடுத்தால் பிடிக்கிறவரை அனுப்பி இன்றே அப்புறப்படுத்தலாம். "என்ன சொல்றீங்க?"

லூசியன் மிஸ் ஓலீட்டாவைப் பார்த்தார். புகார் கொடுத்தவரே அவர்தானே.

"ஐயோ, தாயாச்சே!" என்றார் மிஸ் ஓலீட்டா. "வயித்துப் பிள்ளைக்காரியை விரட்டற மாதிரி இல்ல இது? எனக்கு மனசு வராதும்மா."

"அது முதல்ல இருந்த இடம். நாமதான் அப்புறம் வந்தவங்க," என்றார் ஹார்லன். வேட்டைப் பருவத்தில் அனுமதிச் சீட்டு வாங்கி வருஷத்துக்கு மூன்று முதலை சுடுகிற மனிதர்.

ஏர்லின் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒன்பது வாரம்தானே லூசியன்," என்றாள்.

அவருக்குக் கண் கலங்கியது. இத்தனை ஈரமான மனசுக்காரர்களுக்கு நடுவே இத்தனை வருஷம் தெரியாமல் வாழ்ந்துவிட்டோமே என்று தோன்றியது. கொட்டகைக்குள்ளே இருக்கும் டூபாவின் ஞாபகம் இரவு சாப்பிடும்போதுதான் வந்தது. ஒரு தாய்க்காகச் செய்யும் தியாகம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இன்னொரு அகப்பை வெண்டைக்காய்க் கம்போ குழம்பு போட்டுக்கொண்டார்.

ஜூலை போயிற்று. தெரு அமைதியாக இருந்தது. மிஸ் ஓலீட்டா நான்கு கிலோ எடை கூடிப் பத்து வயது குறைந்தவர்போல் ஆனார். தாய் வெயிலில் மேட்டின் மேல் தாடையை வைத்துப் படுத்திருப்பதை லூசியன் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பார். நரி ஒன்று முட்டைக்கு வந்தது. அடுத்த நொடி அது வேலிக்கு வெளியே இருந்தது. மழை பெய்து மேடு சரிந்தால் பின்னங்கால்களால் சேற்றை வாரி வாரிப் போட்டுச் சரிசெய்யும். ஒரு நாள்கூட அது எங்கேயும் போகவில்லை. அந்தப் பொறுப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் நடுவில் ஒரு விடிகாலை தூக்கம் வராமல் கொல்லைக்கு வந்தார். வேலியோரத்தில் ஹார்லன் நின்றிருந்தார். கையில் வாளி. அதிலிருந்து ஒரு கெளுத்தி மீன் தலையை எடுத்து மேட்டுப் பக்கம் வீசினார். தாய் தலையைத் திருப்பி ஒரு கடியில் விழுங்கியது. ஹார்லன் திரும்பினார். லூசியனைப் பார்த்தார்.

"பட்டினியா கிடக்குதேன்னு..." என்று ஆரம்பித்தார்.

"முதலைக்குத் தீனி போடறது குத்தம்னு உனக்குத் தெரியும் ஹார்லன்."

"தெரியும்தான்."

"எத்தனை நாளா?"

"ஜூலை நாலுலேருந்து." வாளியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "பசி எடுத்து எங்கயாவது போயிட்டா..."

"போயிட்டா என்ன?"

ஹார்லனின் பார்வை ஒரு கணம் கொட்டகைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. லூசியனின் காதுதான் மந்தம். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகக் கேட்டது.

"ஓலீட்டாவுக்கும் தெரியுமா?"

"திங்கள், புதன் அவங்க முறை."

"வெள்ளிக்கிழமை?"

ஹார்லன் வாளிக்குள் பார்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் கோழிக் கழுத்து குப்பைக்கும் போகாமல் சூப்புக்கும் வராமல் எங்கே மறைகிறது என்று லூசியன் வீட்டுக்குள் கேட்டதுண்டு. பூனை, என்று சொல்லியிருந்தாள் ஏர்லின். அவர்கள் வீட்டில் பூனை கிடையாது.

அவர் யாரோடும் சண்டை போடவில்லை. பத்து நாள் பேசாமல் சாப்பிட்டார், பேசாமல் தூங்கினார். ஏர்லின் அவருக்குப் பிடித்த இறால் சோறு இரண்டு தடவை செய்தாள். இரண்டு தடவையும் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்தார். பதினோராம் நாள் மத்தியானம், தாய் தண்ணீருக்குள் உடம்பை நனைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, குப்பைத் தொட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்தார். டூபாவை எடுத்து வந்து தெரு நடுவில் நின்று ஊதுவது என்பதுதான் திட்டம்.

திட்டத்தில் பாதி நடந்தது. அவர் உள்ளே போய் டூபாவைத் தோளில் மாட்டித் திரும்பியபோது, தாய் வாசற்படிக்கு வந்துவிட்டிருந்தது. கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்தார். மறுபக்கம் ஒரு வால் அடி விழுந்தது. தகரம் உள்ளே வளைந்தது. பிறகு அசைவில்லை. கதவு இடுக்கில் பார்த்தால் குறுக்கே நீளமாய்ப் படுத்திருந்தது.

உள்ளே வெயில் கொதித்தது. கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. அப்போதுதான் தோளில் என்ன இருக்கிறது என்று உறைத்தது.

இரண்டு மாத ஓய்வுக்குப் பிறகு டூபா முழங்கியது. இரண்டாவது ஊதலிலேயே மிஸ் ஓலீட்டா வாயில் பாதி மென்ற பீச் பழத்தோடு வெளியே வந்தார். ஹார்லன் துப்பாக்கியோடு ஓடிவந்து, தகரத்துக்குப் பின்னால் ஆள் இருப்பதை நினைத்து அதைக் கீழே வைத்தார். ஏர்லின் வேலியைப் பிடித்துக்கொண்டு, "லூசியன்! உள்ளேயா இருக்கே?" என்றாள். பதிலுக்கு ஒரு வால்ட்ஸ் நடன மெட்டு ஆரம்பித்தது.

ரெனே வெர்தினைக் கூப்பிட்டார்கள். பக்கத்து ஊரில் ஒரு நீச்சல் குளத்தில் முதலை விழுந்துவிட்டது, ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை யாரும் கிட்டே போக வேண்டாம், அவர் மயக்கம் போடாமல் இருக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள் என்றாள்.

"எப்படிக் கவனிக்கறது?"

"வாசிக்கிறாரா?"

"வாசிக்கிறார்."

"அப்போ உயிரோட இருக்கார். வாசிக்கட்டும்."

வாசித்தார். தெரிந்த வால்ட்ஸ் இரண்டையும் வாசித்தார். மாதா பாட்டு வாசித்தார். தெரியாததையும் வாசித்தார். பத்து நாள் பேசாததையெல்லாம் ஒவ்வொன்றாக ஊதித் தீர்த்தார். தெருவே வேலியோரம் கைகட்டி நின்று கேட்டது; நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மேடைக்கச்சேரியில்கூட இத்தனை கவனமான சபை அமையாது.

முக்கால் மணி கழிந்திருக்கும். மூச்சு வாங்குகையில் இடுக்கில் கண்ணை வைத்தவர், தாய் வாசலில் இல்லாததைக் கண்டார். மேட்டின் மேல் இருந்தது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டது. மேட்டுக்குள்ளிருந்து, முட்டைக்குள்ளேயே, குஞ்சுகள் கீச்சிட்டுக் கூப்பிட்டன. அந்தச் சின்னக் குரல் லூசியனுக்கு எட்டவில்லை. ஆனால் தாயின் முன்னங்கால்கள் சேற்றைப் பறிப்பதைப் பார்த்தார். ஒரு முட்டையை வாயில் எடுத்தது. கடித்து விழுங்கப்போகிறது என்று நினைத்தார். அது நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே மெதுவாக உருட்டியது. ஓடு விரிந்தது. ஒரு சாண் நீளத்தில், கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை போட்ட ஒன்று அந்தப் பற்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தது.

டூபாவைச் சத்தமில்லாமல் இறக்கி வலைகள் மேல் வைத்தார்.

வெளியே சங்கீதம் நின்றது. வேலியோரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லூசியன்?" என்றாள் ஏர்லின். பிறகு உரத்து, "லூசியன்! ஏன் நிறுத்திட்டே?"

ஒன்றுமில்லை.

"மயக்கம் போட்டுட்டார்!" என்றார் மிஸ் ஓலீட்டா. "ஐயோ, அந்த வெக்கையில... வாசிங்க லூசியன்! வாசிங்க!"

"டேய், ஒரே ஒரு தடவை ஊதுடா!" ஹார்லனின் குரல் உடைந்தது. "எந்த ஸ்வரமா இருந்தாலும் சரிடா!"

அவருக்கு அது கேட்டது. முக்கால்வாசி போன காதிலும் கேட்டது. முழுத் தெருவும் அவர் பெயரைச் சொல்லி வாசிக்கச் சொல்லிக் கெஞ்சியது. அப்படி ஒரு குரலுக்காகத்தான் மார்ச் மாதத்திலிருந்து அவர் காத்திருந்தார். இப்போது ஒரு தடவை ஊதினால் அந்தத் தாய் திடுக்கிட்டுத் தாடையை இறுக்கிவிடுமோ என்று பயந்து, தும்மல் வந்ததைக்கூட மூக்கைப் பிடித்து அடக்கிக்கொண்டார்.

தாய் வாய் நிறையக் குஞ்சுகளோடு தண்ணீருக்கு இறங்கியது, காலி வாயோடு ஏறியது. குஞ்சுகளை அவர் எண்ணினார். முப்பத்தொன்று வரை எண்ணினார். கடைசி நடைக்குப் பின் அது கரையேறவில்லை. பாசிக்கு மேல் அதன் தலை மட்டும் தெரிந்தது. நெற்றியில் இரண்டு குஞ்சுகள் உட்கார்ந்திருந்தன.

கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே வந்தார். ஏர்லின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கையிலிருந்த பாத்திரத் துண்டால் நான்கு அடியும் கொடுத்தாள். "செத்துட்டேன்னு நினைச்சேன்! ஏன் வாசிக்கலை?"

"பிரசவம் நடந்துச்சு," என்றார் லூசியன். "சத்தம் போடலாமா?"

ரெனே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்தவள் மேட்டைவிட வேலியோரத்தைத்தான் அதிக நேரம் பார்த்தாள். அங்கே புல்லில் மீன் செதில்களும் ஒரு கோழிக் கழுத்தும் கிடந்தன.

"யார் தீனி போட்டது?"

மிஸ் ஓலீட்டா வானத்தைப் பார்த்தார். ஹார்லன் தன் பூட்ஸைப் பார்த்தார். ஏர்லின் பாத்திரத் துண்டைச் சின்னச் சின்னதாக மடித்தாள்.

"உங்க மீன் தலைக்காக அது இங்க இருக்கலை," என்றாள் ரெனே. "முட்டைக்காக இருந்துச்சு. நீங்க சும்மா இருந்திருந்தாலும் இருந்திருக்கும். இப்போ மனுஷன்னா தீனின்னு கத்துக்கிட்டிருக்கு. இன்னும் ஒரு துண்டு விழுந்தா, அடுத்த தடவை அது உங்க கைக்கே வரும். அப்போ நான் அதைப் பிடிச்சுக் கொல்லத்தான் வேணும். குஞ்சுங்களைக் கொக்கு தின்னும். யார் போட்டது?"

"நான்தான்," என்றார் லூசியன்.

சொல்லிவிட்டு அவர் ஹார்லனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரெனே நம்பவில்லை. ஆனால் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கரையில் ஒரு செதில்கூட விழவில்லை. செப்டம்பர் நடுவில் தாய் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சதுப்பின் உள்ளே, நாணல் அடர்ந்த பக்கம் போய்விட்டது. அந்த வருஷம் ஹார்லன் வேட்டைச் சீட்டு வாங்கிப் போனார், அந்தப் பக்கம் மட்டும் படகைத் திருப்பவில்லை என்று சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம்.

லூசியன் பெயருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்த அன்று சாயங்காலமே ஹார்லன் கிளாரினெட்டையும் ஒரு கட்டுத் தாளையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். "திருவிழாவுக்கு ஆறு பாட்டு," என்றார் வாசலில் நின்றபடியே. "மூணாவதுல உனக்கு வேலை கம்மி. பரவாயில்லையா?"

"எதுல ஜாஸ்தி?"

ஹார்லன் பெருமூச்சு விட்டார். "முதல் பாட்டுல."

"அப்போ அதை எடு."

வளைந்த கதவைத் தள்ளிவிட்டு உள்ளே வந்து ஹார்லன் மீன் கூடை மேல் உட்கார்ந்தார். முதல் பாட்டை ஏழு தடவை வாசித்தார்கள். ஏழாவது தடவை இரண்டு பேரும் ஒரே இடத்தில் முடித்தார்கள். ஏர்லின் மூன்று கோப்பை காபி கொண்டுவந்தாள். இரண்டைக் கொடுத்துவிட்டு, மூன்றாவதோடு ஓட்டைப் படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். கோப்பை காலியாகும் வரை எழுந்திருக்கவில்லை.